தையல் மிஷினுக்கு எந்த மோட்டார்? வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை



தையல் தெரிந்தும் மிஷின் இல்லாமல் இருக்கும் சகோதரிகளுக்கு நம் அறக்கட்டளையின் ஜகாத் நிதியிலிருந்து மிஷின் வழங்கி வருவது வாசகர்களுக்குத் தெரியும். இப்போது வரும் விண்ணப்பங்களில் பலவற்றில் 'மோட்டாருடன் வேண்டும்' என்று எழுதியிருக்கிறார்கள். எந்த மோட்டார் என்று கேட்டால், 'கடையில் என்ன தருகிறார்களோ அது' என்பதுதான் பதிலாக இருக்கிறது. மிஷினைப் பத்து இடத்தில் விசாரித்து வாங்குகிறவர்கள், அதை ஓட்டும் மோட்டாரைக் கடைக்காரரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும் என்று நினைத்தோம்.

யாசகம் கேட்டு வந்த ஓர் அன்சாரித் தோழரிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட சம்பவம் அபூதாவூதில் வருகிறது. ஒரு விரிப்பும் ஒரு பாத்திரமும்தான் இருந்தன. அவற்றை ஏலத்தில் விற்றதில் இரண்டு திர்ஹம் கிடைத்தது. ஒன்றை வீட்டுச் சாப்பாட்டுக்கும் இன்னொன்றைக் கோடாரி வாங்கவும் ஒதுக்கச் சொன்னார்கள். அவர் கோடாரி வாங்கி வந்ததும் அதற்கு நபியவர்களே தம் கையால் பிடி போட்டுக் கொடுத்து, விறகு வெட்டப் போகச் சொன்னார்கள். கருவியைக் கொடுத்ததை எல்லோரும் சொல்கிறோம். பிடி போட்டுக் கொடுத்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. கைக்குப் பொருந்தாத கோடாரியால் விறகு வெட்ட முடியாது. தையல் மிஷினுக்கு அந்தப் பிடி, மோட்டாரும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியும்தான்.

ஜகாத் பணத்தில் இவ்வளவு செலவு செய்யலாமா என்று கேட்பவர்களும் உண்டு. தொழில் தெரிந்த ஏழைக்கு, அந்தத் தொழிலுக்கான கருவியை வாங்கும் அளவுக்குக் கொடுக்கலாம், கருவியின் விலை குறைவா கூடுதலா என்பது இதில் தடையல்ல என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் அல்-மஜ்மூஃ நூலில் விளக்கியிருக்கிறார்கள். தேவைக்கு மேல் வாங்கித் தருவது வேறு விஷயம். எனவே தேவை என்ன என்பதை முதலில் பார்ப்போம்.

நாலாயிரம் தையல் யாருக்கு வேண்டும்?

பவர் மிஷின் விற்பவர் முதலில் சொல்வது வேகம். 'நிமிடத்துக்கு 4000 தையல், 5000 தையல்' என்பார். அது பொய் அல்ல. ஜூக்கி, ஜாக் போன்ற மிஷின்கள் அந்த வேகத்தில் ஓடக்கூடியவைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 4000 என்றால் ஒரு விநாடிக்கு 66 தையல். ஒரு தையலின் நீளம் இரண்டரை மில்லிமீட்டர் என்றால், ஒரு விநாடியில் பதினாறு சென்டிமீட்டருக்கு மேல் துணி ஓடிவிடும். சட்டைப் பாக்கெட்டின் ஒரு பக்கம் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். அந்த ஒரு விநாடிக்குள் துணியைத் திருப்ப வேண்டும், ஓரம் பார்க்க வேண்டும், நிறுத்த வேண்டும்.

நேர்கோட்டில் நாள் முழுக்க ஒரே வேலை செய்யும் கம்பெனித் தையலுக்கு அந்த வேகம் உதவும். வீட்டில் ஜாக்கெட், சுடிதார், புர்கா, பள்ளி யூனிஃபார்ம் தைக்கும் சகோதரிக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. புதிதாகக் கற்பவர் 600, 800 தையலில் தொடங்குவதே நல்லது. 600 என்றால் விநாடிக்குப் பத்துத் தையல். அதே பாக்கெட்டுக்கு ஆறு விநாடி கிடைக்கும். கை பழகியபின் 1500, 2000 வரை போகலாம். கழுத்து வளைவு, கைக்குழி, பட்டன்பட்டி ஆகிய இடங்களில் எவ்வளவு கை தேர்ந்தவரும் மெதுவாகத்தான் போவார்.

ஆகவே வீட்டுத் தையலுக்கு மோட்டாரிடம் நாம் கேட்க வேண்டியது, எவ்வளவு வேகமாக ஓடும் என்பதல்ல. எவ்வளவு மெதுவாக, சக்தி குறையாமல் ஓடும் என்பதுதான். புர்காவின் வழுக்கும் துணியில் நாலு தையல் மட்டும் போட்டு நிறுத்த வேண்டும். ஜீன்ஸ் பேன்ட்டைக் கீழே மடித்துத் தைக்கும்போது, தையல் கூடும் இடத்தில் ஏழெட்டு அடுக்குத் துணியை ஊசி மெதுவாகவே துளைத்துப் போக வேண்டும். மெதுவாக ஓட்டினால் திணறுகிற, திணறாமல் இருக்க வேகமாக ஓட்ட வேண்டியிருக்கிற மோட்டார் இந்த வேலைக்கு உதவாது.

மூன்று வகை

நம் வீடுகளில் உள்ள கறுப்பு மிஷினின் பின்பக்கத்தில் மாட்டும் சிறிய மோட்டார் முதல் வகை. சுமார் 100 வாட் முன்பின் இருக்கும். இதற்குள் சுழலும் பகுதிக்கு மின்சாரம் போக, இரண்டு கார்பன் பிரஷ்கள் செம்புத் தகடுகள்மேல் உரசிக்கொண்டே இருக்கும். உரச உரச பிரஷ் தேயும், பொறி பறக்கும், ஒருவித வாடை வரும். பிரஷ் மலிவான பொருள்தான்; மாற்றினால் மறுபடி ஓடும். இதன் உண்மையான குறை வேறு. கால் பெடலை லேசாக அழுத்தும்போது மோட்டாருக்குப் போகும் மின்சாரம் குறைகிறது, அதோடு அதன் சக்தியும் குறைந்துவிடுகிறது. தடித்த துணியில் ஊசி நின்றுவிடும். இன்னும் அழுத்துவோம், திடீரென்று பிய்த்துக்கொண்டு ஓடும். மோட்டார் போட்ட கறுப்பு மிஷினில் தைத்தவர்கள் எல்லோரும் இதை அனுபவித்திருப்பார்கள். நாள் முழுக்க ஓட்டினால் சூடேறிவிடும் என்பதால், இடையிடையே ஓய்வு கொடுக்கவும் வேண்டும்.

பவர் மிஷின் மேஜைக்கு அடியில் தொங்கும் கனமான கிளட்ச் மோட்டார் இரண்டாவது. பெரும்பாலும் அரைக் குதிரைத்திறன். சுவிட்சைப் போட்டதும் முழு வேகத்தில் சுற்றத் தொடங்கிவிடும்; நிமிடத்துக்கு 2800 சுற்றுக்கு மேல். தைத்தாலும் தைக்காவிட்டாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தால் கிளட்ச் தட்டு போய் ஒட்டி மிஷினை இழுக்கிறது, விட்டால் பிரிகிறது. மெதுவாகத் தைக்க வேண்டுமானால், கிளட்ச்சைப் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் காலால் பிடிக்க வேண்டும். பஸ் ஓட்டுநர் மேட்டில் வண்டியை கிளட்ச்சிலேயே நிறுத்துவது போன்ற வேலை இது. இருபது வருடம் தைத்த மாஸ்டர்கள் இதில் ஒவ்வொரு தையலாகப் போடுவார்கள். அவர்களிடம் மோட்டாரை மாற்றச் சொன்னால் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் மூன்று மாதப் பயிற்சி முடித்து வரும் பெண்ணுக்கு அந்தக் கால் பழக்கம் வர நாளாகும். அதுவரை தையல் கோணலாகும், சிலருக்கு ஊசி விரலில் இறங்கும்.

மூன்றாவது, கடைகளில் 'சர்வோ மோட்டார்' என்று சொல்லப்படும் பிரஷ் இல்லாத மோட்டார். மின்விசிறிக் கடையில் 'பி.எல்.டி.சி. ஃபேன்' என்று விற்கிறார்களே, அதே குடும்பத்தைச் சேர்ந்தது. இதில் சுழலும் பகுதியில் காந்தம் இருக்கிறது. கம்பிச்சுருள்கள் அசையாமல் வெளிப்பக்கம் நிற்கின்றன. எனவே உரசுவதற்கு பிரஷ் தேவையில்லை. அதற்குப் பதிலாக ஒரு கன்ட்ரோல் பாக்ஸ், வீட்டு மின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றி, எந்தச் சுருளுக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்து மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. பெடலை மிதித்தால் மட்டுமே மோட்டார் சுற்றும். காலை எடுத்தால் நின்றுவிடும். சும்மா ஓடும் சத்தம் கிடையாது. இஷாவுக்குப் பிறகு பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுத் தைக்க உட்காரும் தாய்மார்களுக்கு இந்த ஒன்றே பெரிய நிம்மதி.

மோட்டாருக்குக் கண் உண்டா?

பிரஷ் இல்லாத மோட்டார் எல்லாம் ஒன்றல்ல. வாங்கும்போது கவனிக்க வேண்டிய முக்கியமான இடம் இதுதான்.

ஊஞ்சலில் இருக்கும் பிள்ளையை ஆட்டிவிடும்போது, ஊஞ்சல் எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் தள்ளுகிறோம். கன்ட்ரோல் பாக்ஸுக்கும் அப்படித்தான்; காந்தம் இப்போது எந்தத் திசையில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் சரியான சுருளுக்கு மின்சாரம் கொடுக்க முடியும். இதைத் தெரிந்துகொள்ள இரண்டு வழிகள் உண்டு. மோட்டாருக்குள் ஹால் சென்சார் என்ற சிறிய உணரிகளை வைப்பது ஒன்று. சென்சாரே இல்லாமல், மோட்டார் சுற்றும்போது சுருள்களில் திரும்பி உண்டாகும் மின்னழுத்தத்தை வைத்து ஊகிப்பது மற்றொன்று. இரண்டாவது வழியில் செலவு குறைவு. ஆனால் மோட்டார் நின்றுகொண்டிருக்கும்போது அந்த மின்னழுத்தம் உண்டாகாது. ஆகவே தொடங்கும் நேரத்திலும் மிக மெதுவாக ஓடும் நேரத்திலும் பெட்டிக்குக் கண் தெரியாது.

பி.எல்.டி.சி. மின்விசிறியைப் போடும்போது சில விசிறிகள் முன்னும் பின்னும் லேசாக ஆடிவிட்டுத்தான் சுற்றத் தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். காந்தம் எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்க்கும் ஆட்டம் அது. விசிறி அப்படி ஆடினால் நமக்கு ஒன்றுமில்லை. ஊசி அப்படி ஆடினால் நூல் அறுந்துவிடும். (பாறைமேல் ஊர்ந்து ஏறும் ரிமோட் கார் வைத்திருக்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். சென்சார் உள்ள பிரஷ்லெஸ் மோட்டார் ஏன் வேண்டும் என்று இதே காரணத்தைச் சொல்வார்கள்.)

தையலுக்கென்று செய்யப்படும் சர்வோ மோட்டார்களில் பொதுவாக சென்சார் இருக்கும். ஆனாலும் அது எவ்வளவு நுட்பமானது, குறைந்தபட்சம் எந்த வேகத்தில் தொடங்குகிறது என்பது மோட்டாருக்கு மோட்டார் மாறும். சில மோட்டார்கள் 200 சுற்றில் நிதானமாகத் தொடங்கும். சில, மிதித்ததுமே 500 சுற்றுக்குத் தாவும். 'அதிகபட்ச வேகம் எவ்வளவு' என்று கேட்பதற்குப் பதிலாக, 'குறைந்தபட்ச வேகம் எவ்வளவு' என்று கேளுங்கள்.

வாட்டை மட்டும் பார்க்காதீர்கள்

400, 550, 750 வாட் என்று கடையில் இருக்கும். வாட் கூடினால் பலம் கூடும் என்றே எல்லோரும் நினைக்கிறோம். வாட் என்பது திருகுவிசையும் வேகமும் சேர்ந்த கணக்கு. ஒரே 550 வாட் மோட்டார், 4500 சுற்றில் அந்த அளவைத் தருகிறது என்றால் அதன் திருகுவிசை சுமார் 1.2 நியூட்டன் மீட்டர். 3000 சுற்றிலேயே தருகிறது என்றால் சுமார் 1.75. இரண்டின் பெட்டியிலும் 550 என்றே போட்டிருக்கும். தடித்த துணியைத் துளைப்பதில் இரண்டாவதே கெட்டி. மோட்டாரின் மேல் ஒட்டியுள்ள தகட்டில் சுற்று எண்ணிக்கையும் பல சமயம் திருகுவிசையும் எழுதியிருப்பார்கள். அதைப் படிக்காமல் வாங்க வேண்டாம்.

இன்னொரு வழி இருக்கிறது. செலவு மிகக் குறைவு. அதுதான் புல்லி. மோட்டாரின் புல்லியும் மிஷினின் சக்கரமும் ஒரே அளவாக 75 மில்லிமீட்டர் என்றால், மோட்டார் 3000 சுற்றுச் சுற்றும்போது மிஷினும் 3000 தையல் போடும். மோட்டார் புல்லியை 50 மில்லிமீட்டராக மாற்றினால் மிஷின் 2000 தையலுக்கு இறங்கும். ஊசிக்குப் போகும் விசை ஒன்றரை மடங்காகும். வீட்டுத் தையலுக்கு 2000 தாராளம். புல்லியை மாற்றும்போது பெல்ட் நீளமும் மாறும் என்பதை மறந்துவிட வேண்டாம். பழைய பெல்ட் தொளதொளவென்று இருக்கும். ரெக்ஸின் பை, தோல் வேலை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வீட்டிலிருந்து ஷூவின் மேற்பகுதி தைப்பவர்கள் இதைவிட ஒரு படி மேலே போய், மோட்டாருக்கும் மிஷினுக்கும் நடுவே வேகம் குறைக்கும் இரட்டைப் புல்லி வைப்பார்கள். ஜாக்கெட் தைப்பவருக்கு அது தேவையில்லை.

இப்போது வரும் புதிய பவர் மிஷின்களில் பெல்ட்டும் புல்லியும் கிடையாது. மோட்டார் மிஷினின் தண்டிலேயே நேராக உட்கார்ந்திருக்கும். 'டைரக்ட் டிரைவ்' என்பார்கள். இடம் மிச்சம், அதிர்வு குறைவு, நல்ல மிஷின்தான். ஆனால் புல்லி மாற்றி விசை கூட்டும் வசதி இதில் இல்லை. போர்டு பழுதானால் அதே கம்பெனியின் அதே மாடல் போர்டுதான் வேண்டும். பெல்ட் சர்வோவில் பெட்டி கெட்டால், முழு மோட்டார் செட்டையே கழற்றிவிட்டு வேறு செட் மாட்டலாம். மிஷினுக்கு ஒன்றும் ஆகாது. எங்கள் கருத்து இது: பழைய பவர் மிஷின் நல்ல நிலையில் கையில் இருக்கிறது என்றால் சர்வோ மோட்டார் மட்டும் மாற்றினால் போதும். புதிதாகவே வாங்குவதானால், அந்தக் கம்பெனி மெக்கானிக் நம் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருந்தால் மட்டும் டைரக்ட் டிரைவ் வாங்கலாம். ரமலானின் கடைசிப் பத்தில், பெருநாள் துணி குவிந்து கிடக்கும்போது போர்டு வரும் வரை காத்திருக்க முடியாது.

கன்ட்ரோல் பாக்ஸில் பார்க்க வேண்டியவை

அதிகபட்ச வேகத்துக்கு வரம்பு வைக்கும் வசதி கட்டாயம் வேண்டும். 800 என்று வைத்துவிட்டால், பெடலை முழுக்க மிதித்தாலும் அதற்கு மேல் போகாது. கற்றுக்கொள்ளும் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. திருகும் குமிழாக இருந்தால் பிள்ளைகள் திருகிவிடும். பட்டன் அழுத்தி எண் வைப்பதாக இருந்தால் நல்லது.

ஊசி மேலே நிற்க வேண்டுமா, கீழே துணிக்குள் நிற்க வேண்டுமா என்று வைக்கும் வசதி பல பெட்டிகளில் உண்டு. பெல்ட் சர்வோவில் இது வேலை செய்ய, மிஷின் சக்கரத்தின் ஓரம் தனியாக ஒரு சென்சார் மாட்ட வேண்டும். மோட்டாருக்குள் இருக்கும் சென்சாருக்குத் தன் தண்டு எங்கே இருக்கிறது என்று மட்டுமே தெரியும். புல்லி அளவு வேறு வேறாக இருப்பதால் ஊசி எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அந்தச் சென்சார் பெட்டியோடு வருகிறதா, தனி விலையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலர் முனை, பாக்கெட் மூலை திருப்பும்போது ஊசி துணிக்குள்ளேயே நிற்பது பெரிய உதவி. இல்லாவிட்டாலும் கையால் சக்கரத்தைத் திருப்பிக்கொள்ளலாம். இதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

கரன்ட் விஷயம். கிளட்ச் மோட்டார் சும்மா சுற்றும்போதே 100 வாட்டுக்கு மேல் இழுக்கும். 150 என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரம் மிஷினில் உட்கார்ந்தால், ஊசி உண்மையில் ஓடுவது இரண்டு மணி நேரம்கூட இருக்காது. மீதி நேரம் வெட்டுவது, மடிப்பது, நூல் கோர்ப்பது. அந்த ஆறு மணி நேரமும் மோட்டார் சுற்றினால் நாளுக்கு 0.9 யூனிட். மாதம் 25 நாள் என்றால் 22 யூனிட்டுக்கு மேல், இரண்டு மாதக் கணக்கில் 45 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதை விளக்கும் விசிறியுமே தின்றுவிடும் என்பதால் இந்த 45-உம் காசு கொடுக்கும் யூனிட்தான். சர்வோவில் இந்தச் செலவு ஏறக்குறைய இல்லை. சர்வோ விலை கூடுதல்தான். நாள்தோறும் தைப்பவருக்குக் கரன்ட் பில்லில் அது மெல்ல மெல்லத் திரும்பி வரும். வாரம் இரண்டு நாள் தைப்பவருக்கு வர நெடுநாளாகும்.

எர்த் கம்பியைப் பற்றி வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கன்ட்ரோல் பாக்ஸ் உள்ள மிஷினில், எர்த் இல்லாத பிளக்கில் சொருகினால், இரும்பைத் தொடும்போது விரலில் சுர்ரென்று தெரியும். பெட்டிக்குள் இருக்கும் வடிகட்டி வழியே கசியும் மின்சாரம் அது. பெட்டி கெட்டுவிட்டது என்று அர்த்தமல்ல. ஆனால் எர்த் இல்லை என்று அர்த்தம். மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை வெட்டிவிட்டு இரண்டு முள் எக்ஸ்டென்ஷனில் சொருகும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. மிஷின் வைக்கும் இடத்தில் எர்த் உள்ள பாயின்ட் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து முதலில் பார்த்துவிடுங்கள். முடிந்தால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டுக்கொள்ளுங்கள். சுவிட்சை அணைத்த பிறகும் பெட்டிக்குள் கொஞ்ச நேரம் மின்சாரம் தேங்கி நிற்கும்; ஐந்து நிமிடமாவது போகாமல் மூடியைத் திறக்கக் கூடாது. நூல் கோர்க்கும்போதும் ஊசி மாற்றும்போதும் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். சத்தம் இல்லாத மோட்டார் என்பதால் அது உயிரோடு இருப்பதே மறந்துபோகும். தவழும் குழந்தை பெடலை அழுத்தினால் ஊசி இறங்கிவிடும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

கடைக்காரர் கொடுக்கும் மெல்லிய காட்டன் துண்டில் எல்லா மோட்டாரும் நன்றாகத்தான் தைக்கும். நீங்கள் வழக்கமாகத் தைக்கும் துணியையும் பழைய ஜீன்ஸ் துண்டு ஒன்றையும் கையோடு கொண்டு போங்கள். வேக வரம்பைக் குறைவாக வைக்கச் சொல்லுங்கள். ஜீன்ஸை நாலாக மடித்து, ஊசி முனை துணியைத் தொட்டு நிற்கும்படி சக்கரத்தைக் கையால் திருப்பி வையுங்கள். பிறகு பெடலை மிக மெல்ல அழுத்துங்கள். ஊசி நிதானமாக உள்ளே இறங்க வேண்டும். மோட்டார் உறுமிக்கொண்டு நின்றாலோ, நடுங்கினாலோ, பெட்டியில் பிழை எண் வந்தாலோ அந்த மோட்டார் வேண்டாம். அடுத்து ஒரு தையல், நிறுத்தம், இன்னொரு தையல் என்று ஐந்தாறு முறை போட்டுப் பாருங்கள். சக்கரத்தின் மேல்பக்கம் உங்களை நோக்கி வரும் திசையில் சுற்றுகிறதா என்றும் கவனியுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் நூல் சிக்கும். பெரும்பாலான பெட்டிகளில் திசை மாற்றும் வசதி இருக்கிறது, கடையிலேயே மாற்றி வாங்கிவிடலாம்.

பெடல் கம்பியின் நீளத்தையும் வீட்டில் உங்கள் நாற்காலி உயரத்துக்கு ஏற்ப வைக்கச் சொல்லுங்கள். காலை வைத்ததுமே ஓடுகிறது என்ற புகாரில் பாதிக்கு மேல் மோட்டாரில் ஒன்றும் இருக்காது. கம்பி நீளமோ ஸ்பிரிங்கோதான் காரணமாக இருக்கும்.

எல்லோருக்கும் மோட்டார் வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. வீட்டுத் துணிக்கும் அக்கம்பக்கத்து ஆல்டரேஷனுக்கும் மட்டும் தைப்பவருக்குக் காலால் மிதிக்கும் மிஷினே போதும். கரன்ட் போனாலும் அது நிற்காது. மூட்டு வலி உள்ளவர்கள், ஒரு காலில் பலம் குறைந்தவர்கள் குறைவான தையலுக்கே என்றாலும் மோட்டார் கேட்கலாம். அவர்களுக்கு சர்வோவின் மெல்லிய பெடல் கிளட்ச் மோட்டாரைவிட மிக எளிது.

இந்த ஆண்டின் விண்ணப்பப் படிவத்தில் இதற்காகச் சில கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்: இப்போது கையில் மிஷின் இருக்கிறதா, எந்த வகை, பெரும்பாலும் என்ன துணி தைக்கிறீர்கள், நாளுக்கு எத்தனை மணி நேரம், மிஷின் வைக்கும் இடத்தில் எர்த் உள்ள பாயின்ட் இருக்கிறதா. ஏற்கெனவே மோட்டார் இருந்தால், அதன் மேல் ஒட்டியுள்ள தகட்டைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் அஸ்ர் தொழுகைக்குப் பிறகு அலுவலகத்துக்கு வந்தால் நாங்களே கேட்டு எழுதிக்கொள்கிறோம். மிஷின் உங்கள் பெயருக்கே சொந்தமாக்கித் தரப்படும் என்பதால், கடை ரசீதும் உத்தரவாத அட்டையும் உங்கள் பெயரில்தான் இருக்கும். அவற்றில் கடை முத்திரையும் தேதியும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.